கரிப்புள்ளி வாங்கிய வெள்ளைப்பூச்சி

அந்தக் காலத்தில், பூச்சி புழுவுக்கெல்லாம் வாய்ப்பேச்சு இருந்தபோது, அந்துப்பூச்சி என்று பிறந்த எதுவும் பகலில் பறக்காது. பகல் பட்டாம்பூச்சிக்கு, இரவு அந்துப்பூச்சிக்கு என்று பங்கு பிரித்தாகியிருந்தது. பிரித்தது யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டு பேரையும் ஒரே பூவில் உட்காரவிட அவருக்கு மனம் இல்லை போலிருக்கிறது. ஒருவர் தூங்கும் நேரத்தில்தான் மற்றவர் பறந்தார். அதனால் ஒரே மேட்டில் எத்தனையோ தலைமுறையாகக் குடியிருந்தும், இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கண்ணால் பார்த்தது கிடையாது.

அப்படி ஒரு மேடு கொங்குநாட்டின் ஓரத்தில் இருந்தது. வெள்ளக்கரடு என்று பேர். கரடு என்றால் மலை என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு உயரமும் கிடையாது, மேடு என்று ஒதுக்கிவிடும் அளவுக்குத் தாழ்வும் கிடையாது. ஒரு சாண் மண்ணைக் கிளறினால் அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெள்ளை வெளேரென்று. மரம் வேர் விட மண் போதாது, புல் மட்டும் நிற்கும். மாசிக் கடைசியில் ஒரு மழை விழுந்து பங்குனி பிறந்துவிட்டால் அந்தப் புல்லுக்குள் தும்பையும் நெருஞ்சியும் கிலுகிலுப்பையும் பூத்து, கரடு ஆளே மாறிப்போகும். பட்டாம்பூச்சிகள் எங்கிருந்துதான் வருமோ, வெயில் ஏறிவிட்டால் நடக்கிறவருக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியாது.

கரட்டின் அடியில் பத்துக் குடும்பங்கள் இருந்தன. கல்லைப் பெயர்த்து, காளவாயில் அடுக்கி, தீ வைத்து வேகவிட்டுச் சுண்ணாம்பு எடுப்பது அவர்கள் தொழில். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் காளவாய் எரியும். அந்தச் சுண்ணாம்பைச் சுற்றுப்பட்ட ஊர்களுக்குக் கொடுத்துச் சோளம் வாங்கிக்கொண்டால் அடுத்த பங்குனிவரைக்கும் பத்து வீட்டிலும் அடுப்பு எரியும்.

முதன்முதலில் கல் எடுக்க வந்தபோதே அவர்கள் பட்டாம்பூச்சிகளிடம் அனுமதி கேட்டிருந்தார்கள். பட்டாம்பூச்சிகளுக்கு அப்போதெல்லாம் பேச்சு கொஞ்சம் அதிகம். ஒரு பகல் முழுக்கப் பேசிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொல்லின. கல்லை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் சிறகுள்ள ஓர் உயிர்கூட உங்கள் நெருப்புக்குள் போகக் கூடாது. சரி என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள். அந்தச் சத்தியம் கெடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே தங்களுக்குள் ஒரு பெண்ணை அமர்த்தினார்கள். அவளுக்குக் கல் பார்க்கிறவள் என்று பேர்.

இந்தக் கதை நடந்தபோது கல் பார்க்கிறவளாக இருந்தது மயிலாத்தாள். காளவாய்க்குத் தலைவனான சென்னியப்பனின் தம்பி பெண்சாதி. முப்பது வயது இருக்கும். கல் எடுக்கிற அன்று காலையில் அவள்தான் முதலில் புல்லில் இறங்கி நடப்பாள். எந்தப் பூவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து, மஞ்சள்காரர்களே, நீலக்காரர்களே, வரிபோட்டவர்களே என்று இனம் இனமாகக் கூப்பிட்டு ஒதுங்கச் சொல்வாள். அவை சிறகை ஒரு தடவை விரித்துக் காட்டிவிட்டு, நிதானமாகத்தான் ஒதுங்கும். அவளும் பொறுமையாக நிற்பாள். ஒன்றுகூட அவள் கண்ணுக்குத் தப்பியது இல்லை என்று ஊரில் பேர்.

ஆனால் கல்லை அவள் கண்ணால் பார்ப்பதில்லை. கல்லைக் காதால்தான் பார்க்க முடியும். ஒரு சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு கல்லையும் ஒரு தட்டுத் தட்டுவாள். நல்ல கல் கணீரென்று பேசும். வேகாத கல் மொத்தென்று வாயை மூடிக்கொள்ளும். அதை உள்ளே வைத்தால் சூட்டில் வெடித்துக் காளவாயையே பிளந்துவிடும். அதனால் அப்படிப்பட்ட கல்லில் இடது கை விரல்களைக் கரியில் தொட்டுப் புள்ளி வைத்து ஒதுக்குவாள். கரிப்புள்ளி விழுந்த கல்லைச் சென்னியப்பனே நினைத்தாலும் உள்ளே வைக்க முடியாது. அதுதான் அவர்கள் தொழிலில் பெரிய கட்டு. எல்லாம் அடுக்கி முடித்ததும் அவள் காளவாய்முன் நின்று மூன்று தடவை "கல்லு சுத்தம்" என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் தீ கிடையாது. சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்கிற வழக்கமும் கிடையாது.

அந்த வருஷம் பங்குனியில் மேற்கே மேகம் கட்டிக்கொண்டு நின்றது. மழைக்காலமும் இல்லை, யார் அழைத்து வந்ததோ தெரியவில்லை. கல் வேகும்போது மழை பிடித்துக்கொண்டால் வருஷத்துப் பாடு அத்தனையும் சகதி. சென்னியப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்போதும் குழி தோண்டி மண்ணுக்கு அடியிலிருந்துதான் கல் எடுப்பார்கள். இந்தத் தடவை தோண்ட நேரம் இல்லை, மேற்குச் சரிவில் புல்லுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிற கல்லைப் பெயர்த்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்லிவிட்டான். கேட்டவர்களுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மயிலாத்தாள் விடிந்ததுமே சரிவில் இறங்கிப் பட்டாம்பூச்சிகளை ஒதுங்கச் சொன்னாள். பிறகு வந்து கல்லைத் தட்ட உட்கார்ந்தாள். கூடை கூடையாகக் கல் வந்து விழுந்தது. தட்டிக்கொண்டே போனபோது சில கற்கள் கணீரென்றும் சொல்லவில்லை, மொத்தென்றும் சொல்லவில்லை. மேலே துணியைப் போட்டுவிட்டுத் தட்டினாற்போல் ஒரு மங்கல். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளைக் கல், அவ்வளவுதான். கல்லில் இருந்த குழிகளுக்குள் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது போல் இருந்தது, சுண்ணாம்புக்கல்லில் எது வெள்ளையாக இல்லை? பனி குடித்த கல் என்று நினைத்துக்கொண்டாள். சென்னியப்பன் பத்தடி தள்ளி நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டே, ஆச்சா அம்மிணி, ஆச்சா அம்மிணி என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். அவளுக்கும் கை ஓடியது. அப்படி மங்கலாகப் பேசிய கல் நாற்பது ஐம்பது இருக்கும். அத்தனையையும் சரி என்று தள்ளிவிட்டாள்.

ஒன்பது அடுக்கு வைத்தார்கள். அடுக்குக்கு அடுக்கு நடுவில் கரி பரப்பினார்கள். காளவாயின் விளிம்புக்குப் புதுச் சுண்ணாம்பு பூசினார்கள். மயிலாத்தாள் வலது கையில் மஞ்சளைக் குழைத்து எடுத்துக் காளவாய் முகப்பில் பூசி, முன்னால் வந்து நின்று மூன்று தடவையும் சொன்னாள். அடியில் இருந்த வாயில் அவள் புருஷன் நாச்சிமுத்து பனை ஓலையைக் கொளுத்திச் செருகினான். வேலம் விறகு பிடித்துக்கொண்டு சடசடத்தது.

அவள் கை கழுவப் போனாள். தொட்டிக்கு நாலடி இருக்கும்போது தோளில் ஏதோ வந்து மோதி, கீழே விழுந்து, மறுபடி எழும்பி மறுபடி மோதியது. ஒரு வெள்ளைப்பூச்சி. உடம்பு முழுக்க ஒரே வெள்ளை, ஒரு கோடுகூட இல்லை. வெயிலில் கண் கூசி, எங்கே பறக்கிறோம் என்றே தெரியாமல் பறந்தது.

"கல்லு பாக்கறவங்க நீங்கதானுங்களா அக்கா?" என்றது.

"ஆமா. நீ ஆரு? உன்னைய நான் பாத்ததே இல்லியே."

"பாத்திருக்க மாட்டீங்க. நாங்க ராத்திரிக்காரங்க. பகல்ல கல்லு மேல ஒறங்குவோம். எங்க ஆளுக அத்தன பேரும் இப்பவும் ஒறங்கிட்டுத்தான் இருக்காங்க."

"எந்தக் கல்லு மேல?"

"நீங்க தீ வெச்சிருக்கற கல்லு மேலதானுங்க."

அந்தப் பூச்சி மூச்சு வாங்க வாங்கச் சொன்னது. இரவு முட்டை வைக்கக் கிலுகிலுப்பைச் செடிக்குப் போனதாம். வைத்து முடிப்பதற்குள் விடிந்துவிட்டதாம். கல்லுக்குத் திரும்ப வழி தெரியாமல் இலைக்கு அடியிலேயே ஒண்டிக்கொண்டதாம். இலை நிழலில் வெளிச்சம் படாததால் உறக்கம் கட்டவில்லையாம், யாரோ செடியை மிதித்ததில் விழித்துப் பார்த்தால் சரிவில் ஒரு கல்லும் இல்லை. இருநூறு பேர், பெற்றவர்கள் பெறாதவர்கள் எல்லாரும். அவர்கள் உறக்கம் லேசான உறக்கமும் இல்லை, வெளிச்சம் பட்டால் கட்டை மாதிரிதான் கிடப்பார்கள், பெயர்த்து எடுத்துக் கூடையில் போட்டாலும் தெரியாது என்றது.

மங்கலாகப் பேசிய நாற்பது ஐம்பது கல்லும் அவள் காதுக்குள் ஒன்றாகச் சேர்ந்து தட்டின. பனி இல்லை. கல்லை ஒட்டிக்கொண்டு உயிர் கிடந்திருக்கிறது. கல் தன்னால் முடிந்தவரை சொல்லியிருக்கிறது, இவள்தான் கேட்டும் கேட்காத மாதிரி தள்ளியிருக்கிறாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கை கழுவாமல் ஓடினாள். அடி வாயில் புகை தடித்துவிட்டிருந்தது. தீ ஓர் அடுக்கு ஏற, வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் ஆகும். ஒன்பது அடுக்குக்கும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சென்னியப்பனிடம் போய், மாமா, தீயை இழுக்கச் சொல்லுங்க, கல்லில் உயிர் இருக்கிறது என்றாள். அவன் திடுக்கிட்டான். பட்டாம்பூச்சியா என்று கேட்டான். இல்லை, இவர்கள் வேறே, ராத்திரிப் பூச்சிகள், அதில் ஒன்று வந்து சொன்னது என்றாள். எங்கே, காட்டு என்றான். அவள் விளிம்பில் எட்டிப் பார்த்து மேல் அடுக்கைக் காட்டினாள். அங்கே வெள்ளைக் கல்தான் தெரிந்தது. ஒன்றாவது சிறகை அசைக்காதா என்று இரண்டு பேரும் பார்த்தார்கள். எதுவும் அசையவில்லை. சொல்ல வந்த பூச்சி எங்கே என்றான். அது விளிம்பில் உட்கார்ந்திருந்தது. புதுச் சுண்ணாம்பின் மேலே அது உட்கார்ந்த இடம் அவளுக்கே மறுநொடி தெரியவில்லை.

சென்னியப்பன் கெட்டவன் இல்லை. பத்து வீட்டுப் பசியைத் தன் தலையில் சுமந்துகொண்டு நின்றவன்.

"அம்மிணி, தீ வெச்ச காளவாயப் பிரிச்சா அந்தக் கல்லு மறுக்கா வேகாது. மழ வேற வந்துட்டிருக்குது. பத்து வீட்டு அடுப்பு இதுக்குள்ளதான் இருக்குது. நீ மூணு தடவ சொன்னியே."

"சொன்னது தப்புங்க மாமா. கல்லு மங்கலாத்தான் பேசுச்சு. எனக்குக் கேட்டுது. கேட்டும் சுத்தம்னு சொல்லீட்டேன்."

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் மேகத்தைப் பார்த்தான். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காகப் பத்து வீட்டுப் பிள்ளைகளைப் பட்டினி போட என்னால் ஆகாது என்று மெதுவாகத்தான் சொன்னான். அவன் சொன்னதிலும் தப்பு இல்லை என்பதுதான் மயிலாத்தாளை நெருக்கியது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு காளவாய்மேல் ஏறிவிட்டாள்.

ஏறும்போது வலது கையை விளிம்பில் ஊன்றினாள். ஈரச் சுண்ணாம்பு மஞ்சளில் பட்டது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்? கை முழுக்கச் சிவந்துபோனது. இடது கை விரல்களில் கரி அப்படியே இருந்தது. அந்த இரண்டு கையோடும் மேல் அடுக்கில் மண்டியிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கல்லைத் தடவ ஆரம்பித்தாள். கண்ணால் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துவிட்டது. சொரசொரப்பு என்றால் கல். சொரசொரப்பு நடுவில் எங்கே மெத்தென்று படுகிறதோ அது உயிர்.

முதலாவது, குழிக்குள் கிடந்தது. கரி விரலால் நெம்பிச் சிவந்த கையில் ஏந்தி வெளியே புல்லில் எறிந்தாள். இரண்டாவது. மூன்றாவது. விளிம்பிலிருந்த வெள்ளைப்பூச்சி இறங்கி அவள் பக்கத்தில் வந்தது. அதற்குக் கண் தெரியவில்லை, ஆனால் தன் ஆட்களின் வாசம் தெரிந்தது. இங்கே இரண்டு பேர், அந்த மூலையில் ஒருத்தி, அந்தக் கல்லைத் திருப்புங்கள் அடியில் மூன்று பேர் என்று சொல்லிக்கொண்டே வந்தது. அவள் கல்லைத் தூக்கி வெளியே வீசினாள், அடுத்த கல்லைத் தடவினாள். கீழிருந்து புகை ஏறிக் கண்ணிலும் மூக்கிலும் அடைத்தது. இரண்டாவது அடுக்கை முடிக்கும்போது கல் வெதுவெதுப்பாகிவிட்டது.

ஊர் ஜனம் அத்தனையும் கூடிவிட்டது. அடி வாயில் தீக்குக் காவல் இருந்த நாச்சிமுத்து அண்ணனை ஒரு தடவை பார்த்தான், மேலே புகைக்குள் இருந்த பெண்சாதியை ஒரு தடவை பார்த்தான். கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டுத் தோள்துண்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு அவனும் ஏறினான். அவள் தடவிச் சொன்ன கல்லை அவன் தூக்கினான். இரண்டு பெண்கள் பதறிப்போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சென்னியப்பன் பாய்ந்து குறுக்கே நின்று குடத்தைத் தட்டிவிட்டான். வெந்த சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் பட்டால் கொதித்துச் சிதறும், மேலே இருக்கிற இரண்டு பேருக்கும் தோல் மிஞ்சாது. காளவாய்க்காரர்களுக்கு நெருப்பை அணைக்கத் தண்ணீர் உதவாது.

அப்படிக் குறுக்கே நின்றவனின் காலடியில்தான் ஒரு பூச்சி வந்து விழுந்தது. இதுவரை அவன் கண்ணுக்குத் தெரியாதது இப்போது தெரிந்தது. வெள்ளைச் சிறகில் மயிலாத்தாளின் விரல் பட்ட இடமெல்லாம் கறுப்புப் புள்ளி, கை பட்ட இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. குனிந்து எடுத்தான். உள்ளங்கையில் அது உறங்கிக்கொண்டிருந்தது. வயிறு மட்டும் ஏறி இறங்கியது. நிமிர்ந்து பார்த்தால் புல் முழுக்க அப்படிப் புள்ளி புள்ளியாகக் கிடந்தது. நூறுக்கு மேலே இருக்கும். இத்தனை பேரையா உள்ளே வைத்து அடுக்கினோம் என்று காளவாயைத் திரும்பிப் பார்த்தான்.

அவன் தன் பிறப்பில் கரிப்புள்ளி வைத்த எதையும் நெருப்பில் போட்டவன் இல்லை.

"புள்ளி விழுந்துருச்சு. இனி இது காளவாய்க்கு ஆகாது," என்றான். பிறகு சத்தமாக, "தீய இழுங்கப்பா" என்றான்.

ஆட்கள் அடி வாயிலிருந்து எரிகிற விறகை வெளியே இழுத்துப் போட்டார்கள். ஆனால் அதற்குள் அடியில் மூன்று அடுக்கில் கரி பிடித்துவிட்டிருந்தது. பிடித்த கரியை இழுக்க முடியாது. புகை வெளுத்துச் சூடு மேலே ஏறியது. ஆறாவது அடுக்கை முடிக்கும்போது மயிலாத்தாளின் விரல் நுனிகள் கொப்பளித்துவிட்டன. ஏழாவது அடுக்கில் கை வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள், மறுபடி தானாக எடுத்துக்கொண்டது. அவள் அழுதாள். நாச்சிமுத்து அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

"அடியில இன்னும் ஆரு இருக்கறாங்க?" என்று வெள்ளைப்பூச்சியைக் கேட்டாள்.

"முப்பத்தி நாலு பேரு. என்ற கூடப் பொறந்தவங்க நாலு பேரும் அதுலதான்."

"என்ற கை வரமாட்டீங்குது கண்ணு. வெச்சா தானா எடுத்துக்குது."

"உங்களால ஆனது வரைக்கும் பண்ணீட்டீங்க. இதுக்கு மேல கை ஆகாது. நான் போயி எழுப்பிப் பாக்கறேன்."

"போகாத. உனக்குக் கண்ணும் தெரியில."

"தெரியாமத்தானுங்க இத்தன தூரம் வந்தேன்."

கற்களுக்கு நடுவில் இருந்த சந்துக்குள் அது இறங்கிவிட்டது. மயிலாத்தாள் அந்தச் சந்தின்மேல் இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். புகைக்குள்ளிருந்து அது கூப்பிடுகிற சத்தம் கேட்டது, பேர் பேராகக் கூப்பிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பூச்சி தள்ளாடிக்கொண்டு மேலே வந்து அவள் கையில் விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு இரண்டு சேர்ந்து. நான்கு. ஐந்தாவதுக்காக அவள் கையை எடுக்காமல் வைத்திருந்தாள். கீழே கூப்பிடுகிற சத்தம் இன்னும் கேட்டது, பிறகு கேட்கவில்லை. நாச்சிமுத்து அவளைத் தூக்கித்தான் கீழே இறக்க வேண்டியிருந்தது.

மழை வரவில்லை. மேகம் பிற்பகலில் தன்பாட்டுக்குக் கலைந்துபோனது. அதற்காக அவ்வளவு அவசரப்பட்டோமே என்று நினைக்கக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. பாதி வெந்த கல்லும் வேகாத கல்லுமாகக் காளவாய் பாழாகிக் கிடந்தது. அந்த வருஷம் பத்து வீட்டுக்காரர்களும் கிழங்கு தோண்டியும் கீரை பறித்தும்தான் காலம் தள்ளினார்கள். சென்னியப்பன் எட்டு நாள் மயிலாத்தாளோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் வந்து, கல் பார்க்கிறவள் தீ வைத்த பிறகும் தன் சொல்லைத் திரும்ப எடுக்கலாம், எடுத்தால் கேட்டே ஆக வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனான்.

தீ வைத்த அன்றே, பொழுது சாய்கிற நேரத்தில் புல்லில் கிடந்த பூச்சிகள் ஒவ்வொன்றாக விழித்தன. கைக்கு நல்லெண்ணெய்த் துணி சுற்றிக்கொண்டு மயிலாத்தாள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். விழித்ததும் அவை ஒன்றையொன்று பார்த்து அரண்டுபோயின. இது என்ன கறை என்று சிறகை உதறின, புல்லில் தேய்த்துப் பார்த்தன. போகவில்லை. மயிலாத்தாள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் தப்பையும் மறைக்கவில்லை. கல் மங்கலாகப் பேசியதையும், பனி என்று தள்ளிவிட்டதையும் சொன்னாள். நூற்று எழுபது பேர் இருக்கிறீர்கள், முப்பது பேர் இல்லை என்றாள். வெயிலில் சொல்ல வந்து, எழுப்ப இறங்கித் திரும்பாதவளைப் பற்றிக் கடைசியாகச் சொன்னாள்.

ஒரு மூத்த பூச்சி கேட்டது. "அவ எப்பிடிப் பறந்தா, அந்த வெயில்ல?"

"முட்டி மோதித்தான் பறந்தா. ஆனா பறந்தா."

அன்று இரவு அந்தக் கரட்டில் ஒரு பூவுக்கும் பூச்சி போகவில்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் மயிலாத்தாள் வழக்கம்போலச் சரிவில் இறங்கினாள். கல் எடுக்கிற வேலை இல்லை, வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் வந்தாள். மஞ்சள்காரர்களும் நீலக்காரர்களும் வந்திருந்தார்கள், ஆனால் பூவில் உட்காராமல் செடி ஓரத்தில் கும்பலாக நின்று எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு அடி வைத்தாள். காலடியில் புல்லுக்குள்ளிருந்து ஒரு புள்ளிப்பூச்சி எழும்பியது. கண் கூசி, பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு தும்பைச் செடியில் மோதிக்கொண்டு, நாலடி தள்ளிப் போய் அவள் எதிரிலேயே புல் நுனியில் உட்கார்ந்தது. அவள் இன்னொரு அடி வைத்தாள். இன்னொன்று எழும்பியது. மேற்குச் சரிவு முழுக்க அப்படி எழும்பி எழும்பி உட்கார்ந்தன.

"இருக்கமுங்க அக்கா," என்றது முதலில் எழும்பியது. "பாத்துக்கங்க."

மயிலாத்தாள் பார்த்தாள். மஞ்சள்காரர்களைக் கூப்பிடுவது போலவே, புள்ளிக்காரர்களே என்று முதல்தடவையாக அவர்களைக் கூப்பிட்டாள். ஒன்றும் விடாமல் எண்ணினாள். நூற்று எழுபது வந்தது. எல்லார் சிறகிலும் அவள் கை பட்ட அடையாளம் இருந்தது. முதன்முதலில் பகலில் பறந்தவள் ஒருத்தியைத்தான் அவள் கடைசிவரை தொட்டதே இல்லை.

பூச்சிகளுக்குப் பேச்சு நின்றுபோய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் அன்று முதல்தான், வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி வாங்கிய அந்த அந்துப்பூச்சி இரவை விட்டுவிட்டுப் பட்டப்பகலில் பறக்கிறது. புல்லில் நடக்கிறவர் யாராக இருந்தாலும் அவர் காலடியிலிருந்து எழும்பி, ஓடி ஒளியாமல், நாலடி தள்ளி அவர் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து, பார்த்தாகிவிட்டதா என்று காத்திருக்கிறது.